இரண்டாவது தேத்தண்ணி

பின்னேரம் ஐந்து மணி. ரோட்டு என்று சொல்ல அங்கே ஒரு ரோட்டும் இல்லை. லொறிகள் ஓடி ஓடி உண்டாக்கிய இரண்டு தடம், அவ்வளவுதான். இந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் கல். மரம் இல்லை, மாடு இல்லை, ஒரு காகம்கூட இல்லை. அதற்குள் ஒரு தமிழ்ப் பொடியன்... தன்னந்தனியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறான்.

கொஞ்சம் பொறுங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருங்கள். கரண்ட் மீற்றரில் காசு முடிந்துவிட்டது, போட்டு வரலாம் என்றால் கடை பூட்டு. வெளியே கணுக்கால் மூடப் பனி, பஸ் ஒன்றும் ஓடவில்லை. இன்றைக்கு லண்டனில் இந்தத் தோர்ண்டன் ஹீத்தை விட்டு ஒருவரும் வீடு போய்ச் சேரப்போவதில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேளுங்கள். இடையில் "உண்மையோ, உண்மையோ" என்று கேட்கிற ஆள் குசினிக்குள் போய்த் தனியாக இருக்கலாம்.

அந்தப் பொடியனின் பெயர் நித்தியானந்தன். நித்தி என்றுதான் கூப்பிடுவோம். நம்முடைய பெர்னடெற் இருக்கிறாள் அல்லவா, மணப்பெண்களுக்குச் சேலை உடுத்திவிடுகிறவள்... அவளுடைய புருஷனின் தம்பி. ஜேர்மனியில் வளர்ந்து பிறகு லண்டனுக்கு வந்தவன். ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை, விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை. குடி இல்லை, சூது இல்லை. ஒரேயொரு கிறுக்கு, சைக்கிள்.

2006ஆம் ஆண்டு. ஆவணியில் அவனுக்குக் கலியாணம். பெண் விம்பிள்டன், பெயர் லோஜினி, மருந்துக்கடையில் வேலை. பேச்சுக்கால் கலியாணம்தான். ஆனால் பேசி முடித்த பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் உயிராகிவிட்டார்கள். அவளுடைய குரல் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் மண்டபமும் பிடித்து நாளும் குறித்த பிறகு, சித்திரையில் முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு மொரோக்கோவுக்குப் பறந்தான். பாலைவனத்தில் சைக்கிள் ஓட. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்தக் கதை.

"கலியாணம் முடிஞ்சா விடமாட்டினம் அண்ணி, இப்பவே ஒருக்கா போயிட்டு வாறன்" என்று பெர்னடெற்றிடம் சொன்னானாம். லோஜினி ஒன்றுதான் சொன்னாள். "தண்ணி கனக்கக் கொண்டு போங்கோ."

கொண்டுதான் போனான். முதுகுப் பைக்குள் பெரிய தண்ணீர்ப் பை ஒன்று. மத்தியானம் பின்சில்லுக்குக் காற்றுப் போனது. ஒட்டினான். திரும்பவும் போனது. அந்தப் பராக்கில் முதுகு ஈரமாக இருந்ததைக் கவனிக்கவில்லை. வியர்வை என்று நினைத்துவிட்டான். வியர்வை இல்லை. உள்ளே தண்ணீர்ப் பை ஓட்டை. குடிக்கலாம் என்று குழாயை வாயில் வைத்து உறிஞ்சினபோது காற்றுத்தான் வந்தது... ஸ்ஸ் என்று.

அதற்குப் பிறகு நடந்தான். நடந்தான், நடந்தான். போனில் சிக்னல் இல்லை. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உமிழ்நீர் விழுங்கப் பார்த்தால் தொண்டைக்குள் மண் அரைக்கிற மாதிரி இருந்தது. செத்துப்போவேன் என்றே நினைத்தான். லோஜினிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறான், கண்ணீர் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சுவர். இடுப்பளவு உயரத்தில் இடிந்த மண்சுவர். அதன் நிழலில் ஒரு மனிதன் குந்தியிருந்தான். தலையில் இருந்து முழங்கால்வரை மண்நிறத் துணி சுற்றியிருந்தது. கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. உதடு வெடித்து, வெள்ளைத் தோல் உரிந்து நின்றது. கிட்டப் போகப் போக ஒரு மணம்... வெயிலில் கிடந்து காய்ந்த தோல்செருப்பின் மணம்.

நித்தி கையால் வாயைக் காட்டினான். அந்த ஆள் துணிக்குள் இருந்து ஒரு பிளாஸ்ரிக் போத்தலை எடுத்து நீட்டினான். அடியில் நாலு விரல் தண்ணீர். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன், நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? வேற்று ஆளின் போத்தல். அவர் வாய் வைத்துக் குடிக்கிற போத்தல். நாங்கள் அதில் வாய் வைப்போமா? சின்ன வயதில் தலையில் குட்டிப் பழக்கியது, எச்சில் படுத்தக்கூடாது என்று. உயிர் போகிற நேரத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. நித்தி அண்ணாந்து, போத்தலைத் தூக்கிப் பிடித்து ஊற்றினான். மரியாதைக்குச் செய்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது.

முதல் மடக்கு தொண்டைக்குள் போனது. மிச்சம் நாடியில் பட்டு, கழுத்தில் வழிந்து, மணலில் விழுந்தது. அவன் கையைச் சரிப்படுத்துவதற்குள் போத்தல் வெறுமை. மணலில் ஒரு கையகல ஈரம். அந்த ஆள் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஈரம் சுருங்கிச் சுருங்கி... இல்லாமல் போனது.

அந்த ஆள் போத்தலை வாங்கித் தன் வாயில் கவிழ்த்துப் பிடித்தான். ஒரு துளியும் வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

நித்திக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஜேர்மனில் மன்னிப்புக் கேட்டான், இங்கிலிசில் கேட்டான். கடைசியில் அவனை அறியாமல் தமிழில் வந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. எங்கட வீட்டுக்கு வாங்கோ. வயிறு நிறையத் தண்ணி தாறன்."

நாங்கள் சும்மா சொல்கிற சொல்தானே இது. சந்தியில் கண்டாலும் வீட்டுக்கு வாங்கோ, கோயிலில் கண்டாலும் வீட்டுக்கு வாங்கோ. அதைக் கேட்டு யாராவது உண்மையாக வருவார்களா? அந்த ஆள் போத்தலை இறக்கிவிட்டு மெல்லத் தலையை ஆட்டினான். விளங்கின மாதிரி ஆட்டினான்.

இரவு குளிர். நித்தி சுவரோடு சரிந்தவன் தூங்கினானா மயங்கினானா என்று அவனுக்கே தெரியாது. ஆடு ஏற்றிய லொறி ஒன்று வந்து நின்ற சத்தத்தில் விடிய முழித்தான். அந்த ஆளைக் காணவில்லை. லொறிக்காரனுக்குக் கையால் காட்டிக் காட்டிக் கேட்டான், இதில் ஒருவர் இருந்தாரே என்று. லொறிக்காரன் அவனைச் சுவருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கல் குவித்த ஒரு மேடு. ஆள் நீளம். தலைமாட்டில் ஒரு வெறும் போத்தல், கவிழ்த்துக் குத்தியிருந்தது. வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகிப்போன போத்தல்.

லொறிக்காரன் தன்னுடைய தண்ணீர்க் கானில் இருந்து கொஞ்சத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினான். பிறகு கானை நித்தியிடம் நீட்டி, மேட்டைக் காட்டினான். நித்தியும் தண்ணீரைக் கண்டானா... கண் மண் தெரியவில்லை. கானைப் பறித்து வாயோடு வைத்துக் கடகடவென்று முழுவதையும் குடித்துவிட்டான். குடித்து முடித்த பிறகுதான் லொறிக்காரனின் முகத்தைப் பார்த்தான். அந்த மனிதன் ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் ஆடுகளும் கத்தவில்லை.

சரி, போன உயிர் திரும்பி வந்தது என்று லண்டன் வந்து சேர்ந்தான். தண்ணீர்ப் பை ஓட்டையான கதையை மட்டும் சொல்லிச் சிரித்தான். மற்றதைச் சொல்லவில்லை.

கலியாண வேலை தொடங்கியது. உங்களுக்குத் தெரியும்தானே, கார்ட்டைத் தபாலில் போட்டால் நம்முடைய சனம் வராது. வீடு வீடாகப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "எங்களுக்கு ஆர் சொன்னது" என்று சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். நித்தியும் கார்ட்டுக் கட்டோடு கூட்டாளிமார் வீட்டுக்குப் புறப்பட்டான். முதல் வீடு இங்கேதான், அடுத்த தெரு. தவராசாவும் செல்வமலரும் இருந்த வீடு.

தவராசா கட்டிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். செல்வமலர் குசினிக்குள் இருந்து தட்டத்தோடு வந்தாள். தவராசாவுக்குத் தேத்தண்ணி. நித்திக்குத் தேத்தண்ணி. இன்னொன்றை நித்திக்குப் பக்கத்தில், வெறும் கதிரைக்கு முன்னால் வைத்தாள்.

"இது ஆருக்கு அக்கா?"

"உம்மோட வந்தவருக்கு. எங்க, இன்னும் வாசல்லயே நிக்கிறார்? உள்ள வந்து இருக்கச் சொல்லும் தம்பி."

"என்னோட ஒருத்தரும் வரேல்லையே."

"யன்னலால பார்த்தனான். உமக்குப் பின்னால குனிஞ்சு சப்பாத்துக் கழட்டிக்கொண்டு நிண்டார்."

தவராசா எழும்பிப் போய்ப் பார்த்தான். வாசலில் ஒருவரும் இல்லை. "இவளுக்குக் கண்ணாடி மாத்த வேணும்" என்று சிரித்தான். நித்தியும் சிரித்தான். மண்டபம், சாப்பாடு, மேளம் என்று கதை போனது. போக எழும்பும்போது செல்வமலர் கோப்பைகளை எடுக்க வந்தாள். மூன்றும் வெறுமை. நித்தி ஒன்றுதான் குடித்திருந்தான். பக்கத்துக் கோப்பையை எட்டிப் பார்த்தான். அடியில் தேயிலை மண்டி மாதிரி ஏதோ கிடந்தது. விரலால் தொட்டான்... மணல்.

அடுத்த வீட்டிலும் இரண்டு தேத்தண்ணி. அதற்கு அடுத்த வீட்டிலும் இரண்டு. ஒரு வீட்டில் கேட்கவே இல்லை, இரண்டு கோப்பையை வைத்துவிட்டு "உங்கட சிநேகிதர் கதைக்க மாட்டாரோ" என்றார்கள். எந்த வீட்டிலும் அவன் இருந்த இடத்தில் அந்தச் செருப்புத் தோல் மணம். எந்த வீட்டிலும் எழும்பும்போது கோப்பை வெறுமை.

யாருக்குச் சொல்வது? மாப்பிள்ளைக்குப் பின்னால் ஏதோ திரிகிறது என்று ஒரு சொல் வெளியே போனால் போதும், கலியாணம் நின்றுவிடும். நம்முடைய சனத்தின் வாய்க்கு ஹவுன்ஸ்லோவில் தும்மினால் விம்பிள்டனில் கேட்கும். லோஜினியை இழக்க அவனால் ஏலாது. அதனால் வாயை மூடிக்கொண்டான். பெர்னடெற்றுக்கு மட்டும், அந்த மண்சுவரடியில் நடந்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிலுவை போட்டுவிட்டு, "தாறன் எண்டு சொன்னனீதானே, குடுத்துத் துலை" என்றாள்.

கொடுத்தான். அன்றிரவே குளியல் தொட்டியை விளிம்பு மட்டும் நிரப்பினான். "வயிறு நிறையக் குடியுங்கோ அண்ணை. குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே இருந்தான். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு... மடக், மடக், மடக். விடியும்வரை அதே சத்தம். காலையில் பார்த்தால் தொட்டி காய்ந்து கிடந்தது. அடைப்பான் போட்டபடி இருந்தது. கொடுத்தது போதவில்லை என்கிற மாதிரி, தொட்டியின் ஓரத்தில் ஒரு வெறும் போத்தல், கவிழ்த்து வைத்திருந்தது. வெயிலில் மஞ்சளாகிப்போன போத்தல்.

பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்தான். தேசிக்காய் வெட்டினான். பெர்னடெற் தேவாலயத்தில் இருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். தெளித்த தண்ணீர் நிலத்தில் விழவில்லையாம். அதற்கு மேல் அவளும் தெளிக்கவில்லை.

லோஜினி வீட்டுக்கு மட்டும் அவன் போகாமல் இருந்தான். அதைக் கூட்டிக்கொண்டு அங்கே எப்படிப் போவது? ஆனால் எத்தனை நாளைக்குச் சாட்டுச் சொல்லலாம். "என்னைப் பார்க்க விருப்பமில்லையோ?" என்று அவள் போனில் அழுதுவிட்டாள். போனான். கதிரையின் நுனியில் இருந்தான். லோஜினி குசினிக்குள் இருந்து வந்தாள். கையில் தட்டம். தட்டத்தில் ஒரு தேத்தண்ணி. ஒன்றே ஒன்று.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போய்விட்டது, இங்கே வரவில்லை என்று நினைத்தான். அவள் அதைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்துக் கதிரைக்கு முன்னால் வைத்தாள். வெட்கத்தில் வைக்கிறாள் என்று நினைத்து அவன் எட்டி எடுத்துக் குடித்தான். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகச் சிரித்தான், பாவம்.

கலியாண நாள். மண்டபம் நிறையச் சனம். நித்தி பட்டு வேட்டி, தலைப்பாகையோடு மணவறையில் இருந்தான். பயத்தில் கை இரண்டும் ஐஸ்கட்டி மாதிரிக் குளிர்ந்திருந்தன. பெர்னடெற் பிடித்துப் பார்த்து, "அண்ணி நிக்கிறன், பயப்பிடாதை" என்று சொல்லிவிட்டுப் போனாள். லோஜினி வந்து இருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது... தாரை வார்க்கிறவரை.

லோஜினியின் தகப்பன் சண்முகராசா மகளின் கையைப் பிடித்து நித்தியின் கையில் வைத்தார். தாய் செம்பைச் சரித்துத் தண்ணீர் விட்டார். தண்ணீர் விட்டுக் கொடுத்ததை இந்த உலகத்தில் திரும்பக் கேட்க முடியாது, அதுதானே தாரை வார்க்கிறது. யார் கை அந்தத் தண்ணீரை ஏந்துகிறதோ, அவருக்குத்தான் பெண்.

செம்பில் இருந்து தண்ணீர் விழுந்ததை நித்தி கண்ணால் கண்டான். கையில் ஈரம் படவில்லை. குனிந்து கீழே தாம்பாளத்தைப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. ஐயரும் பார்த்தார். தாயைப் பார்த்து இன்னும் விடச் சொல்லித் தலையை ஆட்டினார். தாய் விட்டார். செம்பு முழுவதும் விட்டார். ஒரு துளி கீழே வரவில்லை. வெயிலில் காய்ந்த செருப்பு மணம் சாம்பிராணியை மேவிக்கொண்டு வந்தது. அவன் காதடியில்... மடக், மடக், மடக். பிறகு அந்தச் சத்தம் நின்றது. வயிறு நிறைந்த ஒருவன் விடுகிற மூச்சு ஒன்று, நீளமாக.

நித்திக்கு அப்போதுதான் விளங்கியது, வந்தவன் எதை வாங்கிக்கொண்டான் என்று. எழும்பி நிறுத்த வேண்டும். நிறுத்தி என்ன சொல்வது? நூற்றுக்கணக்கான சனம் கையில் அரிசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தான். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அந்தப் பாலைவனத்தில் ஒட்டின மாதிரி. ஐயர் கையைக் காட்ட, மேளம் கொட்டத் தொடங்கிவிட்டது.

கூறைச் சேலை மாற்றுவதற்கு லோஜினியை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனது பெர்னடெற். கொசுவம் மடித்துக்கொண்டிருக்கும்போது லோஜினி தன் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"அக்கா, அவற்ற கை ஏன் இப்பிடிச் சுடுது?"

பெர்னடெற்றுக்கு ஊசி கையில் இருந்து விழுந்துவிட்டது. ஆனால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வாள், வெளியே மேளம் நிற்கவில்லை. நித்தி தாலியைக் கட்டினான். மூன்று முடிச்சும் அவன்தான் போட்டான். போடும்போது லோஜினியின் தலை மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது.

இப்போது அவர்கள் ஹவுன்ஸ்லோவில்தான் இருக்கிறார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. லோஜினி முன்னையைவிட வடிவாக, சிரித்த முகத்தோடு இருக்கிறாள். நித்திதான் மெலிந்து போனான். அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. பெர்னடெற் போன மாதம் போனாள்.

நித்திதான் கதவைத் திறந்தான். "வாங்கோ அண்ணி" என்றான், மெதுவாக. மூன்று பேரும் முன்னறையில் இருந்தார்கள். லோஜினி வேலைக் கதை, அம்மாவின் கதை எல்லாம் பெர்னடெற்றோடு கலகலவென்று கதைத்தாள். ஒருமுறைகூட நித்தியின் பக்கம் திரும்பவில்லை. கோபமாக்கும் என்று பெர்னடெற் நினைத்தாள். பிறகு லோஜினி எழும்பிப் போய்த் தட்டத்தோடு வந்தாள். தட்டத்தில் இரண்டு தேத்தண்ணி. ஒன்றைப் பெர்னடெற்றின் கையில் கொடுத்தாள். மற்றதை யன்னலோரம் இருந்த வெறும் கதிரைக்கு முன்னால் வைத்து, கோப்பையின் பிடியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"சுடுது. மெல்லக் குடியுங்கோ" என்றாள் கதிரையைப் பார்த்து.

நித்திக்குத் தேத்தண்ணி வரவில்லை. அவன் எழும்பிக் குசினிக்குள் போனான். குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடித்தான். இப்போதெல்லாம் அவன் அண்ணாந்து குடிப்பதில்லை. உதட்டை நன்றாக வைத்து, ஒரு துளி கீழே போகாமல் குடித்தான். கதவிடுக்கால் பெர்னடெற் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோஜினி பேச்சை நிறுத்திவிட்டு, காது கொடுத்துக் கேட்டாள். முகம் வெளிறிவிட்டது. பெர்னடெற்றின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா, உங்களுக்கும் கேக்குதோ? இந்த வீட்டில ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்... குசினிக்குள்ள ஒருத்தரும் இல்லை, குழாய் தன்பாட்டில திறக்குது."